ஜிப்ரால்டரில் கம்பனி பதிவது: மட்டக்களப்பிலிருந்து தொடங்குபவர்களுக்கு

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். அவரும் இரண்டு கூட்டாளிகளும் லண்டனில் உள்ள வாடிக்கையாளர்களுக்குச் செயலி செய்து கொடுக்கிறார்கள். ஆளுக்கு மாதம் மூன்று லட்சம் ரூபா அளவில் வருகிறது. போனைத் திறந்து ஒரு வட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். ஜிப்ரால்டரில் கம்பனி, வரி பூச்சியம், ஐந்து நாளில் பத்திரம் கையில், 1,500 பவுண். "அண்ணன், இதக் குடுக்கட்டா?" என்று கேட்டார்.

கொடுக்க வேண்டாம், முதலில் உட்காருங்கள் என்றேன். அன்று பின்னேரம் முழுக்க அவருடன் பேசியதும், அதன் பிறகு காத்தான்குடியில் ஒரு நண்பருக்கு உண்மையிலேயே அங்கே கம்பனி பதிந்து கொடுக்கக் கூட ஓடியதும்தான் இந்தக் கட்டுரை. நம் பக்கத்தில் கல்லடி, ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எல்லா இடத்திலும் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக்கு வேலை செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். இரவிரவாகக் கண் விழித்து உழைத்த காசு. அது தெரியாத ஒரு முகவரின் கையில் போய்விடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அது என்ன இடம்

ஜிப்ரால்டர் ஸ்பெயினின் தென்முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. ஏழு சதுர கிலோமீற்றர் கூட வராது. சனத்தொகை சில பத்தாயிரம்தான். காத்தான்குடி நண்பரிடம் பெயரைச் சொன்னதுமே, "தாரிக் மலை" என்றார். உண்மைதான். 711இல் அந்தக் கரையில் இறங்கிய தாரிக் பின் சியாதின் பெயரால் ஜபல் தாரிக் என்று வழங்கியது, திரிந்து ஜிப்ரால்டர் ஆனது.

1704இல் ஆங்கிலேய, டச்சுப் படைகள் பிடித்தன. 1713இல் உட்ரெக்ட் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவில் ஸ்பெயின் அதைப் பிரித்தானியாவுக்கு எழுதிக் கொடுத்தது. பிறகு திருப்பிக் கேட்கத் தொடங்கியது, இன்றும் கேட்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் தன்னாட்சி பெறாத பிரதேசங்களின் பட்டியலில் ஜிப்ரால்டர் இருக்கிறது.

இந்தப் பிணக்கை நம் ஊர்க் காணிக் கதையாகச் சொன்னால் உடனே விளங்கும். உறுதி எழுதிக் கொடுத்தது உண்மை, அதை இரு பக்கமும் ஒத்துக்கொள்கின்றன. எல்லையில்தான் சண்டை. பாறையும் நகரமும் துறைமுகமும் உறுதியில் இருக்கின்றன, பாறையை ஸ்பெயினுடன் இணைக்கும் ஒடுங்கிய மணல் தரை உறுதியில் இல்லை, அதை எல்லைக்கல்லைத் தாண்டிப் பிடித்தீர்கள் என்கிறது ஸ்பெயின். விமான நிலையம் நிற்பது அந்தத் தரையில்தான். அங்கே குடியிருக்கும் மக்களிடம் கேட்டபோது, 1967 வாக்கெடுப்பில் 12,138 பேர் பிரித்தானியாவுடன் இருப்போம் என்றார்கள், 44 பேர் ஸ்பெயின் என்றார்கள். 1969இல் ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோ எல்லைக் கதவை மூடினார். முழுமையாகத் திறந்தது 1985இல்.

இதெல்லாம் கம்பனி பதிபவருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பிணக்குள்ள இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஜிப்ரால்டரில் அரசு ஒன்று, சட்டம் ஒன்று, நீதிமன்றம் ஒன்று. கம்பனிச் சட்டம் ஆங்கிலேய மரபில் வந்தது, இப்போது நடைமுறையில் உள்ளது 2014ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே பதிந்த கம்பனியை உலக வங்கிகள் கம்பனியாக ஏற்றுக்கொள்ளும். இதே முகவர்கள் விற்கும் வட சைப்ரஸ் அப்படியில்லை. 1974இல் துருக்கிப் படை இறங்கிய பகுதி அது. 1983இல் தனிநாடு என்று அறிவித்ததைத் துருக்கியைத் தவிர எந்த நாடும் ஏற்கவில்லை. பாதுகாப்புச் சபையின் 541ஆம் தீர்மானம் அந்த அறிவிப்பு செல்லாது என்றது. அங்கே பதிந்த கம்பனியின் பத்திரத்தை மூன்றாவது நாட்டு வங்கியில் நீட்டினால் அதைப் பத்திரமாகவே எடுக்க மாட்டார்கள். நாணயம் துருக்கி லிரா. அலுவலகத்துக்கென்று நீங்கள் வாங்கும் கட்டடம் 1974இல் துரத்தப்பட்ட ஒரு கிரேக்க சைப்பிரியரின் காணியில் நிற்கலாம், அவர் வழக்குப் போடலாம். இடம்பெயர்ந்த குடும்பத்தின் காணியில் இன்னொருவர் வீடு கட்டுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் முடிவு.

வரி பூச்சியமா?

பூச்சியம் இல்லை. கம்பனி வரி 2011 முதல் 10 வீதமாக இருந்தது. 2021இல் 12.5 வீதம் ஆக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் 15 வீதம். வற் வரி இல்லை, மூலதன ஆதாய வரி இல்லை, மரணத்துக்குப் பின் சொத்துக்கு வரி இல்லை. வரி விலக்குப் பெற்ற கம்பனி என்ற பழைய ஏற்பாடு 2010உடன் முடிந்துவிட்டது. அதை இப்போதும் சொல்லி விற்பவர் ஒன்றில் பதினைந்து வருடம் பிந்தியவர், இல்லாவிட்டால் பொய் சொல்பவர்.

பூச்சியம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், ஜிப்ரால்டர் தன் மண்ணில் உண்டான வருமானத்துக்கு மட்டும் வரி கேட்கிறது. வேலை வெளியே நடந்து, இலாபம் வெளியே உண்டானால் அங்கே வரி வராமல் போகலாம். முகவர் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார். மிச்சக் கதை நம் ஊரில் இருக்கிறது.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு கம்பனி எங்கே பதிந்திருந்தாலும், அதன் முகாமைத்துவமும் கட்டுப்பாடும் அந்த வருடத்தில் இலங்கையிலிருந்து நடந்தால் அது இலங்கையில் வதியும் கம்பனி. வதியும் கம்பனிக்கு உலக வருமானம் முழுவதும் இங்கே வரிக்கு உட்படும். சரி, உங்கள் ஜிப்ரால்டர் கம்பனியின் முகாமைத்துவம் எங்கே நடக்கிறது? எந்த வாடிக்கையாளரை எடுப்பது, என்ன விலை சொல்வது, யாருக்குச் சம்பளம் என்பதையெல்லாம் களுவாஞ்சிகுடி வீட்டு முன்னறையில் இருந்து தீர்மானிக்கிறீர்கள். ஜிப்ரால்டர் வேண்டாம் என்று விட்ட வரியை இலங்கை எடுத்துக்கொள்ளும். இங்கே பொதுவான கம்பனி வரி 30 வீதம். இரண்டு இடத்துக்கும் இடையில் இரட்டை வரி ஒப்பந்தமும் கிடையாது. பிரித்தானியாவுடன் இலங்கைக்கு இருக்கும் ஒப்பந்தம் ஜிப்ரால்டருக்குப் பொருந்தாது.

பெயரளவில் அங்கே ஒருவரை இயக்குநராகப் போட்டு, கையெழுத்து மட்டும் வாங்கலாமே என்று கேட்பார்கள். முகவரே அப்படி ஓர் ஆளைத் தருவார். யார் தீர்மானிக்கிறார் என்பதைத்தான் வரி அதிகாரி பார்ப்பார், யார் கையெழுத்து வைத்தார் என்பதை இல்லை. உங்கள் மின்னஞ்சல்கள் எல்லாம் மட்டக்களப்பிலிருந்து போயிருக்கும். இந்த ஏற்பாட்டை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை, நீங்களும் செய்யாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு அன்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன், அதை அப்படியே தருகிறேன். 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் சம்பாதித்து வங்கி வழியாக இலங்கைக்கு எடுத்துவரும் வருமானத்துக்கு ஆகக் கூடிய வரி 15 வீதம். தனி ஆளுக்கு வருடம் 18 லட்சம் ரூபாவுக்கு விலக்கு. மாதம் 3 லட்சம் என்றால் வருடம் 36 லட்சம். விலக்குப் போக 18 லட்சம். அதில் முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அதாவது 60,000. மிச்சம் 8 லட்சத்துக்கு 15 வீதம், 1,20,000. மொத்தம் 1,80,000. மாதத்துக்குப் பிரித்தால் 15,000 ரூபா. மூன்று பேருக்கும் சேர்த்து வருடம் 5,40,000. முகவர் கேட்ட 1,500 பவுணை, பவுண் 400 ரூபா என்று வைத்துப் பெருக்கினால் 6 லட்சம். அதுவும் முதல் வருடத்துக்கு மட்டும்.

தம்பி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரும் கூட்டாளிகளும் இப்போது ஆளுக்கொரு டின் நம்பர், அதாவது வரி இலக்கம், எடுத்து, இங்கேயே வருமானத்தைக் காட்டி, நிம்மதியாக இருக்கிறார்கள். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது அந்த வரிப் பத்திரம் எவ்வளவு உதவுகிறது என்பது தனிக் கதை.

அப்படியானால் யார் போகலாம்

இணையத்தில் காட் மூலம் காசு வாங்க உதவும் ஸ்ட்ரைப் கணக்கு வேண்டும் என்பதற்காக வெளிநாட்டுக் கம்பனி தேடுபவர்கள் உண்டு. இலங்கையில் பதிந்த தொழிலுக்கு ஸ்ட்ரைப் கணக்குத் தருவதில்லை, பேபாலில் காசு பெற முடியாமல் வருடக்கணக்காக நம் பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக ஜிப்ரால்டர் வரை போவது அதிகச் செலவு. பேயோனியர் என்ற பணம் பெறும் சேவை அல்லது நேரே வங்கிக்கு வரும் தந்திப் பணம் பெரும்பாலானவருக்குப் போதும்.

காத்தான்குடி நண்பரின் நிலைமை வேறு. அவருடைய மச்சான் குடும்பத்தோடு ஜிப்ரால்டரில் இருக்கிறார், அங்கே வேலை செய்யும் உரிமை உள்ளவர். ஜிப்ரால்டரில் இணைய விளையாட்டுக் கம்பனிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் நிறைய. அப்படி ஒரு கம்பனிக்குத்தான் இவர்கள் மென்பொருள் சோதனை வேலை செய்கிறார்கள். மச்சான் அங்கே இருந்து வாடிக்கையாளரைச் சந்திக்கிறார், ஒப்பந்தம் பேசுகிறார், தீர்மானிக்கிறார். இவர் இங்கே ஆட்களை வைத்து வேலையை முடித்துக் கொடுக்கிறார். இங்கே ஒரு தொழில், அங்கே ஒரு கம்பனி, இரண்டுக்கும் இடையில் எழுத்தில் ஒப்பந்தம், ஒழுங்காக விலைப்பட்டியல். அங்கத்திய இலாபத்துக்கு அங்கே 15 வீதம் கட்டுகிறார்கள். இங்கே வரும் காசுக்கு இங்கே வரி. இப்படி அந்த மண்ணில் உண்மையாகவே ஆளும் வேலையும் இருந்தால் போங்கள். கீழே வரும் படிகள் அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கம்பனி பதிந்ததால் அங்கே போய்க் குடியிருக்கவோ வேலை செய்யவோ உரிமை கிடைக்காது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். கம்பனியோடு வதிவிட விசாவும் என்று யாராவது சேர்த்து விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 1: இங்கே முடிக்க வேண்டியவை

முதலில் டின் நம்பர். உண்ணாட்டரசிறைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே எடுக்கலாம். வெளிநாட்டு வங்கி ஒவ்வொன்றும் நீங்கள் எந்த நாட்டில் வரிக்கு வதிபவர், அங்கே உங்கள் வரி இலக்கம் என்ன என்று படிவத்தில் கேட்கும்.

அடுத்தது, முதலீட்டுக் காசு. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், இலங்கையில் வதிபவர் வெளிநாட்டுக் கம்பனியில் பங்கு வாங்கப் பணம் அனுப்புவதானால் வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்கு ஒன்று திறந்து அதன் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்ற எல்லையை வர்த்தமானி மூலம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், 2020க்குப் பிறகு அடிக்கடி இறுக்கினார்கள். ஆகவே, உங்கள் வங்கியில் வெளிநாட்டு நாணயப் பிரிவுக்குப் போய், இன்றைய எல்லை என்ன என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளையில் தெரியாவிட்டால் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வார்கள், ஒரு வாரம் பொறுங்கள். உண்டியலில் போட்டு அனுப்பலாம் என்று யோசனை சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று ஜிப்ரால்டர் வங்கி கேட்கும்போது காட்ட உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது.

வருகிற காசுக்கு இங்கே தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு, இல்லாவிட்டால் தொழிலுக்கான வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றையும் இப்போதே திறந்துவிடுங்கள்.

படி 2: பத்திரங்கள்

ஆகக் கூடுதலாக அலைந்தது இதற்காகத்தான். கேட்பது இரண்டே இரண்டு: நீங்கள் யார் என்பதற்குக் கடவுச்சீட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு உங்கள் பெயரில் கடைசி மூன்று மாதத்துக்குள் வந்த மின்சாரப் பட்டியலோ தண்ணீர்ப் பட்டியலோ. கேட்பவருக்கு இது சின்ன விஷயம். மட்டக்களப்பு ஆணுக்கு இது பெரிய விஷயம்.

நம் பகுதியில் வீடு பெண் வழியில் போகிறது. தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் மகளுக்குத்தான் வீடு கட்டிக் கொடுக்கிறோம், மாப்பிள்ளை அங்கே போய் இருக்கிறார். நண்பர் தன் வீட்டு மின்சாரப் பட்டியலைக் கொண்டுவந்தார். மீற்றர் வாசிப்பவர் கேற்றில் செருகிவிட்டுப் போகும் அந்த மெல்லிய துண்டு, எழுத்து பாதி மங்கிவிட்டது. அதில் இருந்த பெயர் அவருடைய மாமியாரின் பெயர். தண்ணீர்ப் பட்டியலில் மனைவியின் பெயர். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கும் மனிதர் அங்கே இருக்கிறார் என்று சொல்ல ஒரு பட்டியலும் இல்லை.

என்ன செய்தோம் என்றால், வங்கியில் அவருடைய கணக்குக் கூற்றைத் தபால் முகவரியோடு அச்சிட்டு முத்திரை குத்தி வாங்கினோம். கூடவே கிராம உத்தியோகத்தர் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலாளர் மேலொப்பம் வைத்தது. அதைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்தோம். வங்கிக் கூற்றில் உள்ள முகவரியும் சான்றிதழில் உள்ள முகவரியும் ஓர் எழுத்துக் கூடப் பிசகாமல் இருக்க வேண்டும். ஒன்றில் குறுக்கு வீதி, மற்றதில் ஒழுங்கை என்று இருந்ததால் முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெயரும் அப்படித்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்காரும், பிறகு வருகிற கடிதமெல்லாம் அப்பாவை விளித்து வரும். அது பரவாயில்லை. ஆனால் கடவுச்சீட்டில் முழுப் பெயர், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் நிற்கும். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று கல்முனைக்காரர்களிடம் கேளுங்கள். மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று சட்டத்தரணி ஒருவர் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். கடவுச்சீட்டுப் பிரதியை நொத்தாரிசு உறுதிப்படுத்தும்போது, மூலத்தைப் பார்த்தேன் என்ற வாக்கியம், திகதி, அவருடைய முழுப் பெயர், முத்திரை எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூன்று பிரதி செய்யுங்கள். ஒன்று வங்கிக்கு, ஒன்று அங்கே உங்கள் கம்பனி வேலைகளைப் பார்க்கும் ஆளுக்கு, ஒன்று எப்படியும் எங்கேயாவது தொலையும்.

படி 3: அங்கே ஓர் ஆளைப் பிடிப்பது

ஜிப்ரால்டர்க் கம்பனிக்கு அங்கேயே பதிவு அலுவலக முகவரி வேண்டும், கம்பனிச் செயலாளர் வேண்டும். இந்த இரண்டையும் தரும் தொழில் அங்கே அனுமதி பெற்றுத்தான் நடத்தலாம். அனுமதி கொடுப்பது ஜிப்ரால்டர் நிதிச் சேவைகள் ஆணைக்குழு. அதன் இணையத்தளத்தில் அனுமதி பெற்றவர்களின் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்களிடம் காசு கேட்கும் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். களுவாஞ்சிகுடித் தம்பிக்குச் செய்தி அனுப்பியவரின் பெயர் அதில் இல்லை. கொழும்பிலோ துபாயிலோ இருந்துகொண்டு இடையில் காசு எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வருகிறார்கள்.

விலை கேட்கும்போது முதல் வருடச் செலவைக் கேட்காதீர்கள், இரண்டாம் வருடச் செலவைக் கேளுங்கள். முகவரி, செயலாளர், ஆண்டு அறிக்கை, கணக்காளர், வரிப் படிவம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இடையில் ஆளை மாற்றினால், கம்பனியை மூடினால் என்ன எடுப்பீர்கள் என்பதையும். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பின்னேரம் ஒன்றரை, அவர்களுடைய கோடையில் பன்னிரண்டரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் ஆள் இருப்பார்.

படி 4: பதிவு

பத்திரம் சரியாக இருந்தால் இது விரைவாக நடக்கும் பகுதி. பங்குகளால் வரையறுத்த தனியார் கம்பனிதான் வழக்கம். ஒரு பங்குதாரர், ஒரு இயக்குநர் போதும், இருவரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். ஆகக் குறைந்த மூலதனம் என்று ஒன்றும் இல்லை. பெயரைக் கம்பனிப் பதிவகத்தில் ஒப்புதல் எடுத்து, அமைப்புப் பத்திரம், சங்க விதிகள், மூலதன விவரம், பதிவு அலுவலக அறிவித்தல் ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவுச் சான்றிதழ் வரும். நாணயம் ஜிப்ரால்டர் பவுண், பிரித்தானியப் பவுணுக்குச் சமம்.

நண்பர் விஷயத்தில் மச்சானை இயக்குநராகப் போட்டோம், ஏனென்றால் உண்மையில் தீர்மானிப்பவர் அவர்தான். பங்கு பாதிப் பாதி. கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் உண்மையான உரிமையாளர் பதிவேட்டில் பதிய வேண்டும், ஆகவே இருவர் பெயரும் ஏறியது. உறவுக்குள் செய்யும்போது பேச்சளவில் விட்டுவிடுகிறோம், அதுதான் பின்னால் குடும்பத்தை உடைக்கிறது. யார் எவ்வளவு போட்டார், யார் விலகினால் பங்கை எந்த விலைக்கு யார் எடுப்பது என்று இரண்டு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வையுங்கள். மச்சான்மார் இருவரும் முதலில் கூச்சப்பட்டார்கள். எழுதி முடித்த பிறகு, நல்லதாய்ப் போச்சு என்றார்கள்.

படி 5: வங்கி

கம்பனி ஐந்து நாளில் வரலாம். வங்கிக் கணக்கு ஐந்து நாளில் வராது. நண்பருக்கு நான்கு மாதம் எடுத்தது.

அந்தச் சிறிய இடத்தில் வங்கிகளும் சிலதான். அரசாங்கத்துக்குச் சொந்தமான ஜிப்ரால்டர் இன்டர்நேஷனல் வங்கி 2015இல் தொடங்கியது. 2022 ஜூனில் பணச்சலவைத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பு ஜிப்ரால்டரைச் சாம்பல் பட்டியலில், அதாவது குறை உள்ளதால் கூடுதலாகக் கண்காணிக்கும் இடங்களின் பட்டியலில், போட்டது, 2024 பெப்ரவரியில்தான் எடுத்தது. இலங்கையும் 2017 முதல் 2019 வரை அந்தப் பட்டியலில் இருந்தது. பெயர் கெட்டு மீண்ட இடத்து வங்கி, மீண்ட இன்னோர் இடத்துக்காரரிடம் இரண்டு மடங்கு கேள்வி கேட்கும். கோபிக்க வேண்டாம். யாருக்கு என்ன வேலை, ஒப்பந்தப் பிரதி, எதிர்பார்க்கும் மாத வரவு, எந்த நாட்டுக்கு எவ்வளவு போகும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே கொடுங்கள். இலங்கைக்கு ஏன் காசு போகிறது என்பதற்கு, இங்கே உள்ள தொழிலின் பதிவுச் சான்றிதழும் நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியல்களும் பதில் சொல்லும். ஆகவே பிரதேச செயலகத்தில் தொழில் பெயர்ப் பதிவையோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைக் கம்பனியையோ முதலே முடித்திருப்பது நல்லது.

கணக்குத் திறக்கும் வரை வாடிக்கையாளரிடம் காசு வாங்கித் தனிப்பட்ட கணக்கில் போட்டு வைக்காதீர்கள். பிறகு பிரித்துக் காட்டவே முடியாமல் போகும்.

படி 6: ஸ்பெயின் பக்கம்

பிணக்கு உங்களைத் தொடும் இடம் இதுதான். ஜிப்ரால்டரில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோர் எல்லைக்கு அப்பால் ஸ்பெயினில் குடியிருந்து தினமும் வந்து போகிறார்கள், வாடகை அங்கே மலிவு. உங்கள் கூட்டாளியும் அப்படி மாறினால் கதை மாறும். 2019இல் பிரித்தானியாவும் ஸ்பெயினும் ஜிப்ரால்டர் வரி பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன, 2021 மார்ச் 4 முதல் நடைமுறையில் உள்ளது. கம்பனியின் உரிமையாளர்களில் அல்லது நடத்துபவர்களில் பெரும்பாலானோர் ஸ்பெயினில் வரிக்கு வதிபவர்கள் என்றால், சொத்தோ வருமானமோ பெரும்பகுதி ஸ்பெயினில் என்றால், கம்பனியே ஸ்பெயினுக்கு வரி கட்டும் கம்பனி ஆகிவிடலாம். மச்சான் வீடு மாறுவதற்கு முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நண்பர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

2025 ஜூன் 11இல் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் எல்லை வேலியில் ஆட்களைச் சோதிப்பதை நிறுத்தி, சோதனையை விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் மாற்றுவதாக உடன்பட்டன. அதே உடன்பாட்டில் பொருட்களுக்கு 15 வீதத்தில் தொடங்கி 17 வீதம் வரை உயரும் ஒரு பரிவர்த்தனை வரியும் இருக்கிறது. சேவை விற்பவருக்கு இது பெரிதாகப் படாது. பொருள் இறக்கி விற்க நினைப்பவர் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.

படி 7: வருடா வருடம்

ஜிப்ரால்டருக்குள் தொழில் நடத்தத் தொழில் அனுமதிப்பத்திரம், வரி அலுவலகத்தில் பதிவு, வருடம் ஒரு ஆண்டு அறிக்கை, கணக்குகள், கணக்காண்டு முடிந்து 9 மாதத்துக்குள் வரிப் படிவம். வருமானமே இல்லாவிட்டாலும் படிவம் போக வேண்டும். இங்கே நம் வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31, படிவத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 30. அந்தக் கம்பனியிலிருந்து உங்களுக்கு வந்த பங்கிலாபம், சம்பளம், விலைப்பட்டியல் காசு எல்லாம் அதில் ஏற வேண்டும். இரண்டு நாட்டுத் திகதிகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்துச் சுவரில் மாட்டுங்கள். நண்பர் கடையில் மேசைக்கு மேல் அது தொங்குகிறது, சிவப்பு நிறம் அங்கே, பச்சை இங்கே.

மூடுவதானாலும் ஒழுங்காக மூடுங்கள். அறிக்கை போடாமல் விட்டால் தண்டப்பணம் ஏறும், பிறகு ஒருநாள் பதிவாளர் கம்பனியின் பெயரை நீக்கிவிடுவார். நீக்கிய நாளில் வங்கிக் கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் அது உங்களுக்கு வராது, அங்கத்திய அரசுக்குப் போகும். ஆகவே முதலில் கடைசி விலைப்பட்டியலின் காசை வாங்குங்கள், சம்பளம் கொடுங்கள், வரியைக் கட்டி முடியுங்கள், மிஞ்சியதைப் பங்குப்படி பிரித்து இலங்கைக் கணக்குக்கு எடுங்கள், கணக்கை மூடியதற்கு வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். பெயர் நீக்க விண்ணப்பத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.